உழைப்பு உண்டு, ஈடு இல்லை

ஆப்பிரிக்கப் பெண்கள் தொழிலுக்குப் புதியவர்கள் அல்லர். மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைகளில் துணி, மீன், தானிய வணிகம் தலைமுறைகளாகப் பெரிதும் அவர்கள் கையிலேயே இருந்துவருகிறது. ஆனால் ஈட்டிய பொருளைக் காக்கவும் பெருக்கவும் தேவையான கடன், சட்டம், அரசுக் கொள்கை ஆகிய மூன்றும் அவர்களுக்கு எட்டாத இடத்திலேயே இருந்து வந்துள்ளன.

கடனுக்குப் பொறுப்பாகக் காட்டவேண்டிய சொத்தை வங்கிகள் ஈடு என்கின்றன. நிலம், வீடு ஆகியவற்றின் பத்திரங்கள் பெரும்பாலும் ஆண்கள் பெயரிலேயே இருப்பதால், நாள்தோறும் பணம் புரளும் கடையை நடத்தும் பெண்ணும் வங்கியில் வெறுங்கையுடன் நிற்க நேர்கிறது. கானாவில் இக்குறையை ஓரளவு போக்குவது 'சூசூ' என்னும் சேமிப்பு முறை. சூசூக்காரர் தினமும் கடைக்கே வந்து குறிப்பிட்ட தொகையை வாங்கி அட்டையில் குறித்துக்கொள்வார். மாத முடிவில் ஒரு நாள் தொகையைக் கூலியாகக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவார். வட்டி தராத இச்சேமிப்பு அடுத்த மாதச் சரக்குக்கு உதவுமேயன்றி, அரைவை எந்திரம் வாங்கப் போதாது. ஆப்பிரிக்கப் பெண் தொழில்முனைவோருக்கான கடன் பற்றாக்குறையை ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி 4,200 கோடி டாலர் என மதிப்பிட்டுள்ளது. கடனைப் போலவே சட்டமும் தடையாக நின்றது. காங்கோ ஜனநாயகக் குடியரசில், 2016இல் குடும்பச் சட்டம் திருத்தப்படும்வரை, மணமான பெண் தொழில் தொடங்கக் கணவரின் அனுமதி பெறவேண்டியிருந்தது.

இத்தடைகளைத் தாண்டியவர்களும் கொள்கை முடிவுகளுக்குத் தப்பவில்லை. டோகோவின் லோமே நகரில், ஹாலந்திலிருந்து வந்த மெழுகு அச்சுத் துணிகளை மொத்தமாக விற்றுச் செல்வம் சேர்த்த பெண்கள், பென்ஸ் கார்களில் வலம்வந்ததால் 'நானா பென்ஸ்' என அழைக்கப்பட்டனர். 1994 ஜனவரியில் டோகோவின் நாணயமான சிஎஃப்ஏ பிராங்கின் மதிப்பு பாதியாகக் குறைக்கப்பட்டபோது அவர்களது இறக்குமதிச் செலவு ஒரே நாளில் இரட்டிப்பாகியது. பின்னர் வந்த மலிவான சீனத் துணிகள் எஞ்சிய சந்தையையும் பிடித்துக்கொண்டன. கானாவில் 1979இல், விலையேற்றத்துக்கும் பதுக்கலுக்கும் பெண் வணிகர்களைக் குற்றம் சாட்டிய இராணுவ அரசு, அக்ராவின் மகோலா சந்தையையே இடித்துத் தள்ளியது.

பெண்களுக்குக் கடன் கிடைக்கச் செய்ய அதே 1979இல் தொடங்கப்பட்ட மகளிர் உலக வங்கியியல் அமைப்பின் முதல் தலைவரானவர் எஸ்தர் ஒக்லூ என்ற கானா நாட்டுப் பெண்மணி. அவர் 10 ஷில்லிங் முதலீட்டில் மார்மலேட் காய்ச்சி விற்று, உணவுப் பதன ஆலை கண்டவர். அத்தகைய திறமை ஆப்பிரிக்காவில் என்றுமே குறைந்ததில்லை. பெண்ணின் பெயரில் பத்திரமும், கடையின் வரவுசெலவையே ஈடாக ஏற்கும் வங்கியும், கொள்கை வகுக்கும் அவையில் இடமும் தருவது அரசுகளின் கடமை.