ஷிப்ட் வேலையில் அடிக்கடி மறதியா? மனச்சோர்வாகவும் இருக்கலாம்!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் பலர் ஊரை விட்டு வந்து, விடுதியில் தங்கி ஷிப்ட் பார்ப்பவர்கள். இரவு வேலை, தூக்கக் குறைவு, தனிமை மூன்றும் மனச்சோர்வுக்கு வழிவிடும்.

மறதி ஏன் வருகிறது?
சூப்பர்வைசர் சொன்னது காதில் விழும். ஆனா மனசுல பதியாது. மனச்சோர்வு கவனத்தைக் குறைக்கும். நினைவைப் பதிவு செய்யும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியையும் பாதிக்கும். ஆனால் கசப்பான விஷயம் மட்டும் நல்லா ஞாபகம் இருக்கும். பிரஸ் மெஷினில் ஒரு படியை மறந்தால் விரலுக்கே ஆபத்து.

சரியாகுமா?
சிகிச்சையில் பெரும்பாலும் சரியாகும், சிலருக்குத் தாமதமாகலாம். 'சோம்பேறி' என்று திட்டுவது தீர்வல்ல. 2 வாரத்துக்கு மேல் சோகமோ, எதிலும் ஈடுபாடின்மையோ தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்க. டெலி மானஸ் 14416 எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.