லிந்துலைப் பள்ளத்தாக்கின் கற்கள்

மலைநாட்டுப் பிரயாணம் என்றால் நீர்வீழ்ச்சியையும் பனிமூட்டத்தையும் தேயிலையின் பசுமையையும் வருணித்துவிட்டுத் திரும்புவது நம் எழுத்தாளர்க்கு வழக்கமாகிவிட்டது. அவ்வருணனைகள் பொய்யல்ல. ஆயினும், அந்த நீரை விழச் செய்வதும், அப்பனியைத் தடுத்து நிறுத்துவதும், அத்தேயிலைக்கு மண்ணாகி உதவுவதும் அடியிலே கிடக்கும் கல்லன்றோ? அக்கல்லைப் பற்றிப் பேசுவோர் அரியர். லிந்துலைப் பக்கம் செல்லும் பிரயாணி ஒருமுறையேனும் பசுமையிலிருந்து கண்ணை எடுத்துப் பாறைகளைப் பார்க்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

கொழும்பிலிருந்து மலையேறும் இருப்புப்பாதை 1885ஆம் ஆண்டில் நானுஓயாவை எட்டியது. ஹற்றனுக்கும் கொட்டகலைக்கும் இடையே அப்பாதை சிங்கமலையைக் குடைந்து செல்கிறது; பின்னர் தலவாக்கலை, வட்டகொடை, கிரேட் வெஸ்டர்ன், ரதல்ல என்று நிலையத்திற்கு நிலையம் வளைந்து ஏறுகிறது. தலவாக்கலையிலிருந்து நுவரெலியா வீதியில் சில கல் தொலைவு சென்றால் லிந்துலை. அங்கிருந்து ஒரு கிளைப்பாதை அக்கரப்பத்தனையை நோக்கிப் பிரிகிறது. ஒருபுறம் ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் கிரேட் வெஸ்டர்ன் மலைத்தொடர் மதிலெனத் தோன்றுகிறது. மறுபுறம், ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்திலிருந்து வரும் ஆக்ரா ஓயா பள்ளத்தாக்கை அறுத்துக்கொண்டு ஓடிக் கொத்மலை ஓயாவிற் கலக்கிறது.

பெயரிட்டவர் யார்?

பாறைக்குப் பெயர் சூட்டும்போது மனிதன் தன் நெஞ்சில் இருப்பதையே அதன்மேற் காண்கிறான். கடுகண்ணாவைக் கணவாயருகே இரயிலிலிருந்து தெரியும் பத்தலேகலை என்னும் குன்றினை ஆங்கிலேயர் கண்டனர். விரித்து வைத்த வேதபுத்தகம் போலத் தோன்றவே 'பைபிள் பாறை' என்றனர். ஹற்றன் பக்கத்து மக்கள் ஒரு குன்றில் படுத்திருக்கும் சிங்கத்தைக் கண்டனர்; அது சிங்கமலையாயிற்று. மஸ்கெலியாப் பக்கத்தில் ஏழு சிகரங்கள் வரிசையாய் நிற்பதைக் கண்டவர் சப்த கன்னியர் என்றனர். 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆந் தேதி இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகரை ஏற்றிவந்த டச்சு விமானம் அம்மலையில் மோதி 191 பேர் மாண்டனர். அன்று முதல் அக்கன்னியரின் பெயர் ஒரு துயரத்தின் பெயராகவும் ஆயிற்று.

தோட்டத்து வரைபடத்திலோ வேறு கணக்கு. அங்கே தேயிலை நிரையெல்லாம் 'நம்பர் மலை'. ஐந்தாம் நம்பர் மலையிற் கொழுந்து, எட்டாம் நம்பர் மலையிற் கவ்வாத்து என்று பெரட்டில் உத்தரவாகும். எண்ணிட்டவர் எண்ணிட்டுச் சென்றாலும், உழைத்தவர் தம் வழியில் அம்மலைகளுக்கு உயிர் கொடுத்தனர். தனித்து நிற்கும் பாறையடியில் ஒரு கல்லை நாட்டி மாடசாமி என்றனர், முனியாண்டி என்றனர். தொழிற்சாலைச் சக்கரத்துக்கும் ரோதை முனியைக் காவல் வைத்தனர்.

மலைவழியை மலைவாழ்நரிடமே கேட்டறிய வேண்டும் என்பது நம் பழந்தமிழ்ப் புலவர்க்குத் தெரியும். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் 583 அடிகளில் அமைந்த ஆற்றுப்படை. அதைப் பாடிய பெருங்கௌசிகனார் நன்னனின் நாட்டிற்குச் செல்லும் கூத்தர்க்கு மலைவழியின் வளத்தோடு இடர்களையும் எடுத்துச் சொல்கிறார். அழகையும் அபாயத்தையும் ஒரே மூச்சிற் சொன்ன அந்நூல் இன்றைய பிரயாணிக்கும் முன்மாதிரியாகும்.

பல்லாவரத்துக் கல்

இப்பாறைகளை முறையாக ஆராய்ந்த முன்னோருள் ஒருவர், கலைவரலாற்று அறிஞராக உலகம் போற்றும் ஆனந்த குமாரசுவாமி என்பதைப் பலர் நினைப்பதில்லை. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிய ஆய்வுத் துறையின் முதல் தலைவராக இருந்தவர் அவர். தோரியனைட் என்னும் கனியத்தை உலகுக்கு அறிவித்தவரும் அவரே. கல்லைத் தேடிக் கிராமங்களில் அலைந்த காலத்திலேதான் அழிந்துவரும் கைவினைகளையும் அவர் கண்டார். அக்காட்சியின் பயனாக 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூல் வெளிவந்தது.

மலைநாட்டின் அடித்தளத்தில் உள்ள பாறைவகைகளுள் ஒன்றின் பெயர் சார்னொக்கைட். கருமை கலந்த சாம்பல் நிறமும், எண்ணெய் பூசினாற்போன்ற மினுமினுப்பும் உடையது அது. அப்பெயர் வந்த கதை சுவையானது. கல்கத்தாவை நிறுவியவரெனக் கருதப்பட்ட யோப் சார்னொக் என்னும் ஆங்கில வணிகரின் கல்லறையில் கிடக்கும் கல் அவ்வகையைச் சேர்ந்தது. சென்னையை அடுத்த பல்லாவரத்துப் பக்கத்துப் பாறையும் அதுவே என்று கண்ட தாமஸ் ஹாலண்ட் என்னும் நிலநூலறிஞர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் பெயரையே கல்லுக்குச் சூட்டினார். ஆக, பல்லாவரத்துக் குன்றும் நம் மலைநாட்டுப் பாறையும் ஒரே குலத்தவை.

இவ்வுறவு தற்செயலன்று. ஏறத்தாழ 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்திலே கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இப்பாறைகள் உருமாறியபோது, தென்னிந்தியாவும் இலங்கையும் மடகாஸ்கரும் அந்தார்ட்டிக்காவும் கொண்டுவானா என்னும் பெருநிலத்தில் ஒட்டிக் கிடந்தன. பின்னர் மேல்மூடிய நிலம் அரித்துச் செல்ல, ஆழத்திற் பிறந்த கல் இன்று முகில் தொடும் உயரத்தில் நிற்கிறது. வன்மை மிக்க படைகள் முகடுகளாய் எஞ்சின. மென்மையானவை கரைந்து பள்ளத்தாக்குகளாயின.

தேயிலைக்கு நடுவே யாரோ உருட்டி வைத்தாற்போற் கிடக்கும் உருண்டைப் பாறைகளையும் காணலாம். எவரும் அவற்றை உருட்டவில்லை. வெடிப்புகளின் வழியே நிலத்துள் இறங்கிய மழைநீர் பாறையின் மூலைகளையும் விளிம்புகளையும் முதலில் மக்கச் செய்தது. வெங்காயத் தோலென அடுக்கடுக்காய் உரிந்தபின் நடுக்கரு மட்டும் உருண்டையாய் எஞ்சியது. மக்கிய பகுதியே தேயிலை விரும்பும் புளிப்பு மண். காடழித்துப் புல் செதுக்கிய காலத்தில் அம்மண் மழையோடு போகவே, மறைந்திருந்த உருண்டைகள் வெளிப்பட்டன.

அழகின் மறுபக்கம்

செங்குத்துப் பாறைகளின் இடுக்கிலே பெருந்தேனீக்கள் கூடு கட்டுகின்றன. பருந்தின் சிறகடியோ பலத்த காற்றோ போதும்; கூடு கலைந்து கொழுந்தெடுக்கும் பெண்கள்மேற் பாயும். தோட்டத்தார் இதனைக் 'குளவிக் கொட்டு' என்பர். மலைமேல் நிற்பவர் கூடையைப் போட்டுவிட்டு ஓடுவதற்கும் இடம் குறைவு.

இதனினும் கொடியது மண்சரிவு. வன்பாறையின் மேல் மக்கிய மண் ஒரு போர்வையெனக் கிடக்கிறது. அடைமழையில் நீர் இரண்டுக்கும் இடையே தேங்கினால், போர்வை முழுவதும் வழுக்கி இறங்குகிறது. முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்த இடமாகிய கொஸ்லாந்தை மீரியபெத்தையில், 2014 அக்டோபர் 29ஆந் தேதி காலை லயங்கள் மண்ணுட் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயலின் மழை மலைநாட்டுச் சரிவுகளைப் பல இடங்களிற் கிழித்தது. பிரயாணி எழில்மிகு சாய்வு என்று நின்று பார்க்கும் இடத்தின் அடியிலேதான் பெரும்பாலும் லயன் வரிசை இருக்கிறது. அவ்விடத்தைத் தெரிந்தெடுத்தவர் அங்கு வாழ்பவர் அல்லர்.

அவர்கள் எப்படி வந்தனர் என்பது நாமறிந்ததே. 1820களில் கோப்பிக்காகத் தொடங்கிய வருகை, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடையாய் நிகழ்ந்தது. 2023இல் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து பலர் அவ்வழியே நடந்தனர். இடையில் 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கியது. 'நீ எவ்வூரான்?' என்று இத்தனை ஆண்டுகள் அவர்களைக் கேட்டவர்கள், அவர்கள் ஏறி நின்ற கல்லைக் கேட்டிருக்கலாம். பல்லாவரத்துக்கும் லிந்துலைக்கும் உள்ள உறவை அது சொல்லியிருக்கும்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். பள்ளிக்கு அண்மையில் உள்ள பாறைகளின் பெயர்களை மாணவர் தம் வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். எந்தப் பாறையடியில் எந்தச் சாமி, எந்தச் சரிவில் எவ்வாண்டு மண் இறங்கியது, எந்த இடுக்கிற் கூடு என்பதையும் சேர்த்தெழுதச் சொல்லுங்கள். அரசாங்க வரைபடத்தில் இல்லாத அச்செய்திகள் பல, நினைவுடைய முதியோருடன் மறைந்துகொண்டிருக்கின்றன. ஒரு கொப்பியிலே பதிந்துவிட்டால் அவை பள்ளத்தாக்கின் வரலாறாகும். அடுத்த மழையில் ஓர் உயிரைக் காக்கவும் கூடும்.