டிராவல் டிரெய்லருக்கான சூரிய மின் அமைப்பின் அளவைக் கணக்கிடுதல்

டிராவல் டிரெய்லர் என்பது காரின் பின்னால் இணைத்து இழுத்துச் செல்லப்படும், படுக்கையும் சமையலறையும் கொண்ட சக்கர வீடு ஆகும். அமெரிக்காவில் இது பரவலாகப் பயன்படுகிறது. அரிசோனா மாநிலத்தின் குவார்ட்ஸைட் போன்ற பாலைவனப் பகுதிகளில், மின் இணைப்பில்லாத பொது நிலங்களில் பலர் குளிர்காலத்தைக் கழிக்கின்றனர். அவர்களுக்குக் கூரைமேல் உள்ள சூரியத் தகடுகள் முக்கியமான மின் ஆதாரம்.

கூரையில் எத்தனை தகடுகள் பொருந்தும் என்பதிலிருந்து கணக்கைத் தொடங்குவது பலரும் செய்யும் பிழை. முதலில் தெரியவேண்டியது ஒரு நாள் மின் செலவு. ஒவ்வொரு கருவியின் வாட் அளவையும் அது ஓடும் மணி நேரத்தால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 45 வாட் குளிர்பதனப் பெட்டி நாளில் பாதி நேரமே ஓடினால் 540 வாட்-மணி. 30 வாட் மின்விசிறி 8 மணி நேரத்துக்கு 240. விளக்குகளுக்கு 80, தண்ணீர்ப் பம்புக்கு 30, மடிக்கணினிக்கும் கைப்பேசிக்கும் 150. மொத்தம் 1,040. கம்பியிலும் இன்வெர்ட்டரிலும் ஏற்படும் இழப்புக்கு 20 விழுக்காடு கூட்டினால் சுமார் 1,250 வாட்-மணி. எரிவாயுச் சூடேற்றி இருந்தால் அதன் விசிறியும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. இதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

அடுத்தது பேட்டரி. வெயிலில்லாத ஒரு நாளையும் சமாளிக்க இரு நாள் தேவையான 2,500 வாட்-மணியைச் சேமிக்க வேண்டும். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குமேல் காலி செய்தால் அதன் ஆயுள் குறையும். ஆகவே 12 வோல்ட்டில் சுமார் 420 ஆம்பியர்-மணி தேவை. அதன் எடை 100 கிலோவைத் தாண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 விழுக்காடு வரை பயன்படுத்தலாம். சுமார் 245 ஆம்பியர்-மணி போதும், எடையும் மிகக் குறைவு. ஆனால் உறைநிலைக்குக் கீழே அதற்கு மின்னேற்றக் கூடாது.

தகட்டின் அளவை நிர்ணயிப்பது இடமும் பருவமும். ஒரு நாள் முழுதும் விழும் வெயிலை, நண்பகலின் முழு வெயில் எத்தனை மணி நேரம் அடித்ததற்குச் சமம் என்று கணக்கிடுவது வழக்கம். கூரையில் படுக்கையாகப் பொருத்திய தகட்டுக்கு டிசம்பரில் ஃபீனிக்ஸ் நகரில் இது ஏறத்தாழ 3 மணி, சியாட்டிலில் சுமார் 1 மணி மட்டுமே. 1,250-ஐ 3 ஆல் வகுத்து, தூசி முதலிய இழப்புகளுக்காக 0.8 ஆல் மீண்டும் வகுத்தால் சுமார் 520 வாட். தகட்டைத் தெற்கு நோக்கிச் சாய்த்து நிறுத்தினால் இதைவிடக் குறைவாகவே போதும். சியாட்டிலிலோ 1,560 வாட் வேண்டும். சாதாரண டிரெய்லர் கூரையில் அவ்வளவு இடமிருக்காது. அங்கே ஜெனரேட்டர் இல்லாமல் குளிர்காலத்தைத் தள்ளுவது கடினம்.

குளிர்சாதனம் தனிக்கதை. கூரையில் பொருத்தும் சாதாரண ஏசி சுமார் 1,400 வாட் இழுக்கும். 6 மணி நேரம் தொடர்ந்து ஓடினால் 8,400 வாட்-மணி, அதாவது மேற்சொன்ன ஒரு நாள் செலவைப்போல் ஏறக்குறைய ஏழு மடங்கு. அப்போது 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 120 ஆம்பியருக்குமேல் பாயும். மெல்லிய கம்பி சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்பதால் தடித்த கம்பியும், பேட்டரியை ஒட்டியே ஒரு ஃபியூஸும் கட்டாயம்.