வண்டி இழுக்கும் நாய்கள்: பனிநாட்டு ஹஸ்கி நம் வெயிலுக்குத் தாங்குமா?

மாடு வண்டி இழுக்கும், குதிரை வண்டி இழுக்கும். நாய் இழுக்குமா? இழுக்கும். ஒருமுறை ஓர் ஊரையே காப்பாற்றும் அளவுக்கு இழுத்திருக்கிறது.

1925 ஜனவரியில் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. கடல் உறைந்திருந்தது. அன்றைய விமானங்களை அந்தக் குளிரில் நம்ப முடியவில்லை. மருந்து ரயிலில் நெனானா வரைதான் வந்தது. அங்கிருந்து நோம் வரை சுமார் 1,085 கிலோமீட்டர். 20 ஓட்டுநர்களும் ஏறக்குறைய 150 நாய்களும் மாறி மாறி ஓடி, ஐந்தரை நாளில் மருந்தைக் கொண்டுவந்து சேர்த்தனர். கடைசிக் கட்டத்தில் ஓடிய பால்டோவுக்கு நியூயார்க்கில் சிலை வைத்தார்கள். மிக நீளமான, மிக ஆபத்தான கட்டத்தை ஓடிய டோகோவுக்குப் புகழ் வர வெகுகாலம் ஆனது. (பள்ளி அஞ்சல் ஓட்டத்திலும் கடைசியாக ஓடுபவரைத்தானே படம் எடுக்கிறார்கள்!)

பின்னர் பனியில் ஓடும் மோட்டார் வண்டிகள் வந்தன. நாய்களுக்கு வேலை குறைந்தது. அந்தக் கலை அழியக்கூடாது என்றுதான் 1973-இல் ஆங்கரேஜிலிருந்து நோம் வரை இடிட்டரோட் பந்தயம் தொடங்கியது. இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது.

பனி இல்லாத ஊர்களிலும் நாய்கள் உழைத்தன. பெல்ஜியத்தில் பால் வண்டி இழுத்தன. 1914-இல் போர் வந்தபோது இயந்திரத் துப்பாக்கிகளையும் இழுத்தன. பிரிட்டனில் நாய்களைக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்ற எதிர்ப்பு எழுந்து, 1854-இல் நாய் வண்டிக்கு நாடு முழுவதும் தடை வந்தது.

சிடாம் கிரியில் இளவயதில் மாட்டு வண்டி ஓட்டிய என் தாத்தாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் பந்தயத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "நாய்க்கு நுகத்தடிய எங்க வைப்பாங்க?" என்றுதான் கேட்டார்.

சரியான கேள்வி. மாட்டுக்குத் திமிலுக்கு முன்னால் நுகத்தடி பொருந்தும். அங்கேதான் அதற்குப் பலம். நாயின் கழுத்தில் கயிறு கட்டி இழுக்கவிட்டால் மூச்சுக்குழாய் நசுங்கும். அதனால் மெத்தை வைத்துத் தைத்த வார்ப்பட்டையை மாட்டுகிறார்கள். பாரம் மார்பிலும் தோளிலும் இறங்கும். "சாயங்காலம் அவுத்ததும் மொதல்ல கழுத்தத் தடவிப் பாக்கணும்மா. புண்ணு இருந்தா மறுநாள் வண்டி இல்ல" என்றார் தாத்தா. இடிட்டரோட் தங்குமிடங்களில் கால்நடை மருத்துவர்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான். நாயின் பாதங்களுக்குத் துணிக் காலணிகூட உண்டு.

இப்போது நம் ஊருக்கு வருவோம். சுங்கை பட்டாணி தாமான்களில் ஹஸ்கி நாய்களைப் பார்க்கிறேன். நீலக் கண், ஓநாய் முகம். பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் நாய்க்கு நம்மைப் போல உடல் முழுவதும் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்க வேண்டும். நம் ஊர்க் காற்றிலோ ஈரப்பதம் அதிகம். நாக்கின் ஈரம் எளிதில் ஆவியாகாது. அதன்மேல் இரட்டை அடுக்கு ரோமம் வேறு. மதியம் 33 டிகிரியில், தார்ச்சாலையில் அதை ஓடவிட்டால் என்ன ஆகும்? உடல் சூடேறி, தள்ளாடி, உயிரே போகலாம். ஐரோப்பாவில் மிதிவண்டியை நாய் இழுக்கும் போட்டிகளைக்கூடக் குளிர் மாதங்களில்தான் பெரும்பாலும் நடத்துகிறார்கள்.

ஓடவிடக்கூடாது என்பதற்காக நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போடுவதும் தீர்வல்ல. தலைமுறை தலைமுறையாக இழுப்பதற்கென்றே வளர்க்கப்பட்ட இனம் அது. வேலை இல்லாவிட்டால் குழி தோண்டும், ஊளையிடும், வேலி தாண்டும். அப்புறம் "பொல்லாத நாய்" என்று பெயர் வைத்துச் செம்பனைக் காட்டோரம் விட்டுவிட்டுப் போகிறார்கள். நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி விலங்கைக் கொடுமைப்படுத்தினால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

இழுக்கும் விளையாட்டில் உண்மையாகவே ஆர்வமா? வீட்டில் இருக்கும் நாட்டு நாயே போதும். நன்கு வளர்ந்த, நலமான நாயா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். அளவான மார்புப் பட்டை மாட்டி, சூரியன் ஏறுமுன் மண்பாதையில் பத்து நிமிடம் உங்களோடு ஓடட்டும். தண்ணீர் கையிலேயே இருக்கட்டும். அது நின்றால் நீங்களும் நின்றுவிடுங்கள்.