சவுக்கு மரமும் ‘கிட் குளோன்’ கமாண்டும்

இந்த எபிசோடுல ஏஐ இல்ல, ஸ்டார்ட்அப் இல்ல. சவுக்கு மரம்தான் சப்ஜெக்ட். சிரிக்காதீங்க. கல்யாணப் பந்தலுக்கு நடற கம்பம், கட்டடத்துக்குக் கட்டற சாரம், ஈ.சி.ஆர். ஓரமா காத்துல இரைச்சல் போடற தோப்பு எல்லாம் சவுக்குதான். தமிழ்நாட்டுல தயாராகற காகிதத்துலயும் அதுக்கு ஒரு பங்கு உண்டு. இந்த மரத்துக்குப் பின்னாடி முப்பது வருஷத்துக்கும் மேலான ஆராய்ச்சி இருக்கு. அந்த ஆராய்ச்சி ஜெயிச்சதாலயே இப்ப ஒரு புதுக் கேள்வியும் வந்திருக்கு. ரெண்டையும் பேசலாம்.

முதல்ல பின்னணி. சவுக்கோட பூர்வீகம் தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுக் கடற்கரைகள். 19ஆம் நூற்றாண்டுல ரயில் இன்ஜினுக்கும் ஊருக்கும் விறகு வேணும்னு பிரிட்டிஷ்காரங்க நம்ம கடலோர மணல்ல இதைத் தோப்பு தோப்பா வளர்த்தாங்க. ஏன் மணல்ல? வேற பயிர் சரியா வராத மண்ணுலயும் சவுக்கு வரும். அதோட வேர் முடிச்சுகள்ல ஃபிராங்கியான்னு ஒரு பாக்டீரியா குடியிருக்கு. அது காத்துல இருக்கற நைட்ரஜனைப் பிடிச்சு மரத்துக்குச் சத்தா மாத்திக் கொடுக்கும். பதிலுக்கு மரம் அதுக்குச் சாப்பாடு போடும். உளுந்து, பயறு வேர்ல ரைசோபியம் செய்யற அதே வேலை, ஆனா ஆள் வேற.

1988ல என்ன மாறுச்சு?

அந்த வருஷம் வந்த தேசிய வனக் கொள்கை ஒரு விஷயத்தைத் தெளிவா சொல்லுச்சு. தொழிற்சாலைகளுக்குக் காட்டு மரத்தைச் சலுகை விலையில கொடுக்கற வழக்கம் நிக்கணும். ஆலைகள் தங்களுக்கு வேண்டிய மரத்தை, அதை வளர்க்கறவங்களோட நேரடியா உறவு வச்சு உண்டாக்கிக்கணும். அதாவது காகித ஆலையோட சப்ளை செயின் காட்டுல இருந்து விவசாயியோட வயலுக்கு மாறணும்.

அதே 1988லதான் கோயம்புத்தூர்ல வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனமும் ஆரம்பிச்சது. மத்திய அரசோட ஆராய்ச்சி நிறுவனம். சவுக்கு அவங்களோட முக்கியமான மரங்கள்ல ஒண்ணு.

அவங்க முன்னாடி இருந்த சிக்கல் இதுதான். சவுக்கு காத்து மூலமா மகரந்தச் சேர்க்கை ஆகற மரம். விதை எடுத்த தாய் மரம் எதுன்னு தெரியும், அப்பா யாருன்னு தெரியாது. அதனால ஒரே தாயோட விதைகள்ல ஒண்ணு நேரா வளரும், ஒண்ணு கோணும், ஒண்ணு குச்சியாவே நிக்கும். ஒரு மீட்டர் இடைவெளியில நட்டா ஏக்கருக்குச் சுமார் 4,000 மரம் வரும். அதுல எது தேறும்னு வெட்டற அன்னைக்குத்தான் விவசாயிக்குத் தெரியும்.

மூணு படி

முதல் படி, நல்ல மூலத்தைத் தேடறது. 1990கள்ல ஆஸ்திரேலியாவோட சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஒருங்கிணைச்ச சோதனைகள் மூலமா பல நாட்டுச் சவுக்கு விதைகள் இங்க வந்துச்சு. இந்தோனேசியாவைச் சேர்ந்த நெருங்கிய சொந்தமான ஜங்ஹுனியானா இனமும் வந்துச்சு. எல்லாத்தையும் பக்கத்துப் பக்கத்துல நட்டு, உயரம், சுற்றளவு, தண்டு எவ்வளவு நேரா இருக்குன்னு வருஷக்கணக்குல அளந்தாங்க.

ரெண்டாவது, கலப்பு. காத்து தன் இஷ்டத்துக்கு மகரந்தத்தைக் கொண்டு வராதபடி பெண் பூக்களைப் பை போட்டு மூடிட்டு, தேர்ந்தெடுத்த ஆண் மரத்தோட மகரந்தத்தைச் சேர்த்தாங்க. நம்ம ஊர்ல ஏற்கெனவே பழகின சவுக்கும் ஜங்ஹுனியானாவும் சேர்ந்த கலப்பினங்கள் அப்படித்தான் உருவாச்சு. சிஎச்1, சிஎச்2, சிஎச்5னு வெளியான ரகங்கள் இந்த வரிசைதான்.

மூணாவது, குளோன். இதுக்குப் பெரிய லேப் எல்லாம் வேண்டாம். நல்ல மரத்தோட இளம் தளிரை வெட்டி, வேர் விடத் தூண்டற ஹார்மோன்ல தொட்டு, சின்னக் குழாய்த் தட்டுல நட்டு, ஈரப்பதம் குறையாத பாலிதீன் கூடாரத்துல வைக்கணும். சில வாரத்துல வேர் வந்துடும். அந்த நாற்று அப்படியே தாய் மரத்தோட நகல், அப்பா யாருங்கற கேள்வியே இல்ல. டெவலப்பர் பாஷையில சொன்னா ‘கிட் குளோன்’.

ஆனா குளோன் எடுத்த உடனே ரிலீஸ் பண்ண முடியாது. கடலூர் மணல்ல பிரமாதமா வளர்ந்த குளோன், உவர் மண்ணுல முடங்கிப் போகலாம். ‘என் மெஷின்ல ஓடுதே’ன்னு நாம சொல்ற அதே கதைதான். அதனால பல மாவட்டத்துல, பல மண்ணுல நட்டுப் பார்க்கணும். நமக்கு ஒரு டெஸ்ட் ரன் சில நிமிஷம், அவங்களுக்கு மூணு நாலு வருஷம்.

ஆலைக்கு வேற கணக்கும் இருக்கு. மரத்தை நொறுக்கி, காரத்துல வேகவச்சு, லிக்னின்ங்கற பசையைக் கரைச்சு எடுத்தா மிஞ்சற நார்தான் கூழ். காய்ஞ்ச மரத்துல ஏறக்குறைய பாதி எடைதான் கூழா தேறும். லிக்னின் குறைவான குளோன்னா ரசாயனச் செலவு குறையும். அதனால வேகமா வளர்ந்தா மட்டும் போதாது, உள்ள என்ன இருக்குன்னும் பார்த்துத்தான் ரகத்தைத் தேர்வு செய்யறாங்க. கரூர் பக்கம் காகிதபுரத்துல இருக்கற டி.என்.பி.எல்., கரும்புச் சக்கையை நம்பி ஆரம்பிச்ச ஆலை. அவங்களே இன்னைக்கு குளோன் நாற்று உற்பத்தி செஞ்சு விவசாயிகளுக்குக் கொடுக்கறாங்க. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியும் தன் பங்குக்கு ரகங்கள் வெளியிட்டு, ஆலையையும் விவசாயியையும் ஒப்பந்தத்துல இணைக்கற வேலையைச் செய்யுது.

இப்ப அந்தக் கேள்வி

ஜெயிக்கற குளோன் ஒண்ணு வந்துட்டா எல்லாரும் அதையேதான் கேப்பாங்க. பக்கத்து வயல்ல நல்லா வந்த நாற்றைத்தானே நானும் கேப்பேன்? அப்படிப் போனா ஒரு வட்டாரமே மரபுரீதியா ஒரே மரமா மாறிடும். எல்லா சர்வர்லயும் ஒரே பில்டு, ஒரே ஓட்டை.

சவுக்குக்குக் கொப்புளப் பட்டை நோய்னு ஒண்ணு இருக்கு. பூஞ்சைதான் காரணம். பட்டையில கொப்புளம் வந்து, வெடிச்சு, உள்ளேருந்து கரும்பொடி கொட்டும். மரம் காய்ஞ்சுடும். விதை நாற்றுத் தோப்புல சில மரம் இதைத் தாங்கும், சிலது சாகும். ஒரே குளோன் தோப்புல, அந்தக் குளோனுக்குத் தாங்கற சக்தி இல்லன்னா தோப்பு மொத்தமும் ஆபத்துல. குரோ மிஷேல் வாழைக்கு இதுதான் நடந்துச்சு. உலகச் சந்தையையே ஆண்ட அந்த ரகத்தை 1960கள் வாக்குல பனாமா வாடல் நோய் வணிகத்துல இருந்தே விரட்டிடுச்சு.

நம்ம கோடுல ஓட்டை இருந்தா ராத்திரியோட ராத்திரியா பேட்ச் போடலாம். நட்ட மரத்துக்கு பேட்ச் கிடையாது. வெட்டற வரைக்கும் அதே வெர்ஷன்தான். ரெண்டு ஏக்கர் வச்சிருக்கறவருக்கு மூணு வருஷ வருமானமே அந்த ஒரு வெர்ஷன்லதான் இருக்கு.

தீர்வு தெரியாம இல்ல. ஒரே வயல்ல ஒரே குளோனை நட்டாலும், ஊர் அளவுல நாலஞ்சு குளோனைப் பாத்தி பாத்தியா மாத்தி நடலாம். விதை மூலத் தோப்புகளை அழிக்காம வைக்கலாம், அடுத்த நோய்க்கு எதிர்ப்புச் சக்தி அங்கேருந்துதான் வரணும். இதுக்கு அறிவியல் தயாரா இருக்கு. ஆனா ஆலைக்கு ஒரே மாதிரி மரம் வேணும், நர்சரிக்கு விக்கற நாற்று வேணும், விவசாயிக்கு நம்பிக்கையான விளைச்சல் வேணும். பன்மைக்காகக் காசு கொடுக்கறவங்க இந்தச் சங்கிலியில யாரும் இல்ல. என்னோட கருத்து: நாற்றை விக்கற ஆலைகளும் அரசு நர்சரிகளும் ஒரே ரகமா கொடுக்காம கலவையா கொடுக்கறதுதான் தொடங்க வேண்டிய இடம். ரிஸ்க்கைப் பிரிக்கற வேலையை ரெண்டு ஏக்கர்காரர் தலையில மட்டும் கட்ட முடியாது.

கடைசியா ஒரு சின்ன வேலை. அடுத்த தடவை பீச் பக்கம் போனா சவுக்கோட ‘ஊசி இலை’ ஒண்ணை எடுங்க. அது இலை இல்ல, மெல்லிய கிளை. கணுவுல பிச்சா சுத்தி பல்லு மாதிரித் தெரியுமே, அதுதான் நிஜ இலை. ஏழெட்டு இருந்தா நம்ம கடற்கரைச் சவுக்கா இருக்க வாய்ப்பு அதிகம். ஒன்பதைத் தாண்டினா ஜங்ஹுனியானா பக்கத்து ரத்தம். எண்ணிப் பார்த்துட்டு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.