காய்ச்சலோடு குழந்தை நொண்டினால்: ரத்த அணுக்கள் சொல்வதும் சொல்லாததும்

காய்ச்சலில் கிடக்கும் குழந்தை ஒரு காலை ஊன்ற மறுத்தால், விளையாட்டில் அடிபட்டிருக்கும் என்று எண்ணெய் தேய்த்து நீவிவிடாதீர்கள். எலும்பில் சீழ் பிடிக்கும் ஆஸ்டியோமைலிடிஸாக இருக்கலாம். அரிதாக ரத்தப் புற்றுநோயாகவும் இருக்கலாம். சீழ் எலும்பின் வளர்ச்சிப் பகுதியைத் தாக்கினால், கால் குட்டையாகவோ கோணலாகவோ வளரக்கூடும்.

ரத்தம் தரும் தடயம்

மருத்துவர் முதலில் எழுதித் தருவது சிபிசி என்ற ரத்த அணுக்கள் பரிசோதனை; கூடவே உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சிஆர்பி, இஎஸ்ஆர் பரிசோதனைகள். கிருமி தொற்றினால் வெள்ளை அணுக்கள், குறிப்பாக நியூட்ரோஃபில்கள், பெரும்பாலும் கூடும். எலும்பில் அல்லாமல் இடுப்பு மூட்டில் சிக்கல் இருந்தால், அது சீழா, தானே தணியும் அழற்சியா என்று பிரித்தறிய, பாஸ்டன் மருத்துவர் கோச்சரும் குழுவினரும் 1999-இல் நான்கு அடையாளங்களை வகுத்தார்கள்: 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், கால் ஊன்ற முடியாமை, 40 அல்லது அதற்கு மேல் இஎஸ்ஆர், 12,000-க்கு மேல் வெள்ளை அணுக்கள். அடையாளங்கள் கூடக் கூடச் சந்தேகம் வலுக்கும். வெள்ளை அணு அவற்றில் ஒன்று மட்டுமே.

எங்கே ஏமாறுகிறோம்?

வெள்ளை அணுக்கள் இயல்பான அளவில் இருக்கும்போதே எலும்பில் சீழ் இருக்கலாம். முதல் பத்து நாட்களில் எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியாமல் போகலாம். எம்ஆர்ஐ முன்கூட்டியே காட்டிவிடும். ‘பிளட் டெஸ்ட் நார்மல்’ என்ற ஒரு வார்த்தையோடு திரும்பிவிடாதீர்கள்.

நான்கைந்து வயதுவரை குழந்தைகளுக்கு லிம்போசைட்டுகள் என்ற வகை வெள்ளை அணுக்கள் மிகுந்திருப்பது இயல்பு. பெரியவர்களுக்கான அளவை வைத்துப் பார்த்துப் பதறவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம்.

ரத்தப் புற்றுநோயில் வெள்ளை அணுக்கள் கூடலாம், குறையலாம், மாறாமலும் இருக்கலாம். தூக்கத்தைக் கலைக்கும் எலும்பு வலி, வெளுத்த முகம், காரணமில்லாத ரத்தக்கட்டு, ஹீமோகுளோபின் அல்லது தட்டணுக்கள் குறைவது போன்றவை இருந்தால், ரத்தத் துளியை நுண்ணோக்கியில் பார்க்கும் ஸ்மியர் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள்.

செய்ய வேண்டியவை

மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாட்டிக்கோ ஸ்டீராய்டோ கொடுக்காதீர்கள். முன்னது, எந்தக் கிருமி என்று கண்டறியும் ரத்தக் கல்ச்சர் பரிசோதனையைக் கெடுக்கும். பின்னது ரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாக மறைக்கும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் தேதிவாரியாக வைத்திருங்கள். அணுக்கள் ஏறுகின்றனவா, இறங்குகின்றனவா என்பது ஒற்றை எண்ணைவிட அதிகம் சொல்லும். இந்திய மருத்துவக் குழுமத்தின் 2002 விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களைத் தர வேண்டும். அவற்றோடு வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதும் உங்கள் உரிமை.

காய்ச்சலும் கால் ஊன்றாமையும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். உரிய நேரத்தில் தொடங்கினால், சில வாரச் சிகிச்சையில் பெரும்பாலான குழந்தைகளின் எலும்புத் தொற்று முழுமையாகக் குணமாகும்.