காற்று நின்றால் புல் உறையும், காற்று அடித்தால் நாம் உறைவோம்

மார்கழி விடியலில் புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் தெருவோரம் நிற்கும் பைக்குகளைக் கவனித்திருக்கிறீர்களா? வெட்டவெளியில் நின்ற வண்டியின் சீட் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். நாலடி தள்ளி வேப்பமரத்தடியில் நின்ற வண்டியின் சீட் காய்ந்தே கிடக்கும். இரண்டையும் சுற்றி இரவு முழுவதும் இருந்தது ஒரே காற்று, ஒரே ஈரம். ஒரு வண்டிக்கு மேலே வானம் இருந்தது, இன்னொன்றுக்கு மேலே மரம் இருந்தது. வேறுபாடு அவ்வளவுதான்.

அந்தச் சீட்டைத் துடைத்துவிட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டு வரை வேகமாக ஒரு நடை போய்வந்தால் பல் கிட்டிவிடும். வண்டியை ஓரங்கட்டி நிறுத்திய கொஞ்ச நேரத்தில் அந்த நடுக்கம் போய்விடும். ஓடும்போதும் நிற்கும்போதும் வெப்பமானி காட்டுவது அதே 21 டிகிரிதான்.

நம் ஊரில் மலை கிடையாது. ஆனால் டிசம்பர், ஜனவரி வந்தால் விழுப்புரம், சேலம், மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டிக்குக் கிளம்பாத நண்பர் குழு குறைவு. பலர் தொட்டபெட்டா சிகரத்தோடு நிற்காமல், வனத்துறை அனுமதி பெற்று மலைநடைக்கும் போகிறார்கள். மலைக்குளிர் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு பைக் காட்சிகளே போதும். ஏனென்றால் மலையில் இரண்டு வகைக் குளிர் இருக்கிறது. ஒன்று காற்று அசையாத இரவில் வரும், மற்றது காற்று வீசும்போது வரும். முதலாவது புல்லையும் தேயிலையையும் கருக்கும். இரண்டாவது மனிதனைப் படுத்தும்.

வானத்துக்குப் போகும் வெப்பம்

எல்லாப் பொருளும் தன் வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. மேலே மரமோ கூரையோ மேகமோ இருந்தால் அவையும் பதிலுக்குக் கதிரை விடும், போனதில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். தெளிந்த வானம் திருப்பித் தருவது குறைவு. அதனால்தான் வெட்டவெளியில் கிடக்கும் சீட்டும் இலையும் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகின்றன. அவற்றைத் தொடும் காற்றிலுள்ள நீராவி துளியாகப் படிகிறது.

கருவடிக்குப்பத்தில் இது துளியோடு நின்றுவிடும். கடல் பக்கத்திலேயே இருப்பதால் காற்றில் நீராவி அதிகம். அது தரையிலிருந்து கிளம்பும் கதிரை உறிஞ்சி ஒரு பகுதியைத் தரைக்கே திருப்பி அனுப்புகிறது. நீராவி துளியாக மாறும்போதும் வெப்பம் வெளிப்படுகிறது. இரவு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் குளிர் ஓர் அளவுக்கு மேல் இறங்காது.

சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியின் கதை வேறு. காற்றழுத்தம் அங்கே கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். மேலே காற்றும் குறைவு, ஈரமும் குறைவு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் வானம் துல்லியமாகத் தெளிந்துவிடும். தரை விடும் வெப்பத்தைத் தடுக்க ஆளில்லை. குளிர்ந்த தரையைத் தொட்ட காற்றும் குளிர்ந்து கனமாகி, சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்குகிறது. உறைபனிச் செய்திகளில் ஆண்டுதோறும் தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் என்று தாழ்வான இடங்களின் பெயர்களே அடிபடுவது இதனால்தான். அப்படிப்பட்ட இரவில் மேட்டுச் சரிவு வெதுவெதுப்பாக இருக்க, அதற்குக் கீழே உள்ள பள்ளம் உறைந்துகிடக்கும். உயரப் போகப் போகக் குளிர் கூடும் என்ற பொதுவிதி, தெளிந்த இரவில் சில நூறு மீட்டர் அளவுக்குத் தலைகீழாகிவிடுகிறது. இதை வெப்பத் தலைகீழாக்கம் என்பார்கள்.

ஆள் உயரத்தில் நிழற்கூண்டுக்குள் இருக்கும் வெப்பமானி 3 டிகிரி காட்டும்போதே, தரையிலுள்ள புல்நுனி 0 டிகிரிக்குக் கீழே போயிருக்கலாம். இதை வைத்து ஒரு தொழிலே நடந்திருக்கிறது. அலகாபாத்தில் பனிக்கட்டி செய்யும் முறையைப் பற்றி ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயப் படைத்தளபதி 1775-ல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் எழுதினார். ஆழமில்லாத குழி வெட்டி, அதில் கரும்புத் தட்டையும் சோளத்தட்டையும் பரப்பி, மேலே சின்னச் சின்ன மண்தட்டுகளில் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். விடிவதற்குள் அது பனிக்கட்டியாகிவிடும். காற்று உறைநிலைக்குப் போகாமலே தண்ணீர் எப்படி உறைகிறது என்பதற்கான விளக்கத்துக்கு, வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ் 1814-ல் பனித்துளி பற்றி எழுதிய நூல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஈரம் மிகுந்த நம் கடற்கரையில் இந்த வித்தை பலிக்காது. சென்னையில் 1842-ல் ஐஸ் ஹவுஸ் கட்டி, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்தார்கள்.

சோலையும் புல்வெளியும்

உறைபனிக்கு முக்கியமான நிபந்தனை, காற்று அசையக்கூடாது. கொஞ்சம் காற்று வீசினாலும் மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று கலந்து கீழே வரும், உறைபனி படியாது. கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களில் உறைபனி இரவுகளில் ராட்சத மின்விசிறிகளைச் சுழலவிடுவது இதற்காகத்தான். செடிக்குச் சொந்தமாக வெப்பம் கிடையாது. தன்னைவிடச் சூடான காற்றை யாராவது கொண்டுவந்து கொடுத்தால் அதற்கு லாபம்.

இன்னொரு வழி, வானத்தை மறைப்பது. 1848-ல் தொடங்கப்பட்ட ஊட்டி தாவரவியல் பூங்காவில் குளிர்காலத்தில் நாற்றுகளை மிலார் செடிகளால் மூடிவைப்பார்கள். நம் தெரு வேப்பமரம் பைக்குக்குச் செய்ததையே அந்த மூடாக்கு நாற்றுக்குச் செய்கிறது.

நீலகிரியின் நிலத்தோற்றத்திலேயே உறைபனியின் கைரேகை இருப்பதாக நினைத்தவர்கள் உண்டு. மடிப்புகளில் அடர்ந்த சோலை, சரிவெங்கும் புல்வெளி, நடுவே கத்தியால் வெட்டியதைப் போன்ற எல்லை. புல்வெளிக்குள் சோலை மரம் ஏன் பரவவில்லை? உறைபனி மரக்கன்றுகளைக் கொன்றுவிடுவதே காரணம் என்று 1938-ல் வனத்துறை அதிகாரி சி. ஆர். ரங்கநாதன் எழுதினார். அறுபதுகளில் இந்தக் கருத்துக்கு வலுச் சேர்த்தவர் நம் ஊர் பிரெஞ்சு நிறுவனத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் வி. எம். மேஹர்-ஹோம்ஜி. வெப்பமண்டலத்திலிருந்து வந்த சோலை மரங்களின் கன்றுகள் தாய்மர நிழலில் பிழைக்கும், திறந்த புல்வெளியில் கருகும் என்பது இந்த வாதத்தின் சாரம். மனிதன் வைத்த தீயும் மேய்ச்சலும்தான் காரணம் என்று மறுத்தவர்களும் இருந்தார்கள். 1993-ல் ஆர். சுகுமார் குழுவினர் நீலகிரியின் கரிச்சதுப்பு மண்ணிலுள்ள கார்பன் ஐசோடோப்புகளை ஆராய்ந்து, அங்கே காடும் புல்வெளியும் சுமார் 20,000 ஆண்டுகளாகத் தட்பவெப்பத்துக்கேற்ப மாறிமாறிப் பெருகியும் சுருங்கியும் வந்ததைக் காட்டினார்கள். புல்வெளி, காட்டை அழித்ததால் வந்த தரிசு அல்ல, அது ஒரு பழைய குடி.

37 டிகிரியில் ஓடும் உடம்பு

இனி மனிதனுக்கு வருவோம். நாம் நாற்றல்ல. உள்ளே ஓர் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது. உடலின் உள்வெப்பம் 37 டிகிரி, சுற்றியுள்ள காற்று அநேகமாக எப்போதும் அதைவிடக் குளிர்ந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள்கூட 100 வாட் அளவுக்கு வெப்பத்தை வெளியிடுகிறார். அது தோலை ஒட்டிச் சில மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு வெதுவெதுப்பான காற்றுப் படலத்தை உண்டாக்குகிறது. காற்று நின்றால் அந்தப் படலமே போர்வை. காற்று அடித்தால் படலம் பறந்துவிடும், உடம்பு மறுபடி அதைச் சூடாக்கும், மறுபடியும் பறக்கும். நாற்றுக்கு உதவிய அதே காற்று இங்கே திருடனாகிவிடுகிறது.

இதை முதலில் அளந்தவர்கள் பால் சிப்பிள், சார்ல்ஸ் பாசெல் என்ற இரண்டு அமெரிக்கர்கள். அண்டார்க்டிகாவில் ஒரு பிளாஸ்டிக் குப்பியில் தண்ணீரை ஊற்றி வெளியே தொங்கவிட்டு, வெவ்வேறு காற்று வேகத்தில் அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தார்கள். முடிவுகள் 1945-ல் வெளிவந்தன. 2001-ல் அமெரிக்காவும் கனடாவும் அந்தக் கணக்கைத் திருத்தி எழுதின. குப்பிக்குப் பதில் இந்த முறை தன்னார்வலர்களின் முகங்கள். அந்தச் சூத்திரப்படி வெப்பமானி 5 டிகிரி காட்டும்போது மணிக்கு 10 கிலோமீட்டர் காற்று இருந்தால் முகத்துக்கு 3 டிகிரி போலிருக்கும். 30 கிலோமீட்டர் என்றால் 0. 50 என்றால் அதற்கும் கீழே.

2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவிலும், அதற்குச் சற்றே குறைந்த கோலாரிபெட்டாவிலும் பகலில் நடப்பது இதுதான். மேலே ஏறும் காற்று விரிந்து குளிர்வதால், சராசரியாக ஆயிரம் மீட்டருக்கு 6.5 டிகிரி குறைகிறது. புதுச்சேரியில் 29 டிகிரி உள்ள பகலில் அங்கே 12 டிகிரி அளவில் இருக்கும். தாங்கக்கூடியதுதான். ஆனால் முகட்டிலும் இரண்டு சிகரங்களுக்கு நடுவிலுள்ள கணவாயிலும் காற்று நெருக்கப்பட்டு வேகமெடுக்கும். அடிவாரத்தில் இலை ஆடாத நேரத்தில் மேலே தொப்பி பறக்கும்.

வியர்வைதான் வில்லன்

காற்றோடு ஈரமும் சேர்ந்தால் கணக்கு மோசமாகிறது. மேட்டில் ஏறும்போது தசைகள் எரிக்கும் ஆற்றலில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகவே வெளிவருகிறது. பனியனும் சட்டையும் நனையும். உச்சியில் உட்கார்ந்ததும் அடுப்பு தணிந்துவிடும், நனைந்த துணி மட்டும் இருக்கும். கால் லிட்டர் வியர்வை உலர சுமார் 600 கிலோஜூல் வெப்பம் தேவை. சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு 1 மணி 40 நிமிடத்தில் உண்டாக்கும் வெப்பம் முழுவதும் அதற்குச் சரியாகப் போய்விடும். பருத்தி நீரைப் பிடித்துவைத்துக்கொள்வதால், நம் வெயிலுக்கு உகந்த அந்தத் துணி அங்கே உதவாது.

மழைக்காலத்தில் பைக் ஓட்டப் போடும் மழைக்கோட்டு மலையில் நல்ல காற்றுத் தடுப்பு. ஏறும்போது கழற்றிவிட்டு நிற்கும்போது போட்டுக்கொண்டால், பருமனான ஸ்வெட்டரைவிட அது அதிகம் காக்கும். தலைவழியாகத்தான் பாதி வெப்பம் போகிறது என்பது கட்டுக்கதை. உடலின் மேற்பரப்பில் தலை பத்தில் ஒரு பங்குதான், இழப்பும் ஏறக்குறைய அந்த அளவுதான். குல்லா நல்லது, ஆனால் குல்லா மட்டும் போதாது.

புதுச்சேரிக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. குளிருக்கு ஒரு பெக் இதம் என்பது உடம்பே செய்யும் ஏமாற்று. மது தோலிலுள்ள ரத்தக் குழாய்களை விரிக்கிறது. உள்ளேயிருந்த சூடான ரத்தம் தோலுக்கு வருவதால் கதகதப்பு தெரிகிறது, அந்த வெப்பம் அப்படியே காற்றுக்குப் போகிறது. நடுக்கத்தின் மூலம் உடம்பு தன்னைச் சூடாக்கிக்கொள்வதையும் மது மட்டுப்படுத்திவிடும்.

கூட வரும் நண்பர் எதற்கு?

உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் உடல்வெப்பக் குறைவு தொடங்குகிறது. இதற்குப் பனிமலை தேவையில்லை. 8, 10 டிகிரியில் மழையும் காற்றும் சேர்ந்தால் போதும். முதலில் உடம்பு வெடவெடக்கும். பிறகு ஜிப்பைப் போட விரல் ஒத்துழைக்காது, கால் இடறும், பேச்சு குழறும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். இன்னும் குளிர்ந்தால் நடுக்கம் நின்றுவிடும். குளிர் விட்டுவிட்டது என்று நினைக்கும் அந்தக் கட்டம்தான் ஆபத்தானது.

மூளையும் கூடவே குளிர்வதால், பாதிக்கப்பட்டவருக்குத் தன் நிலை தெரியாது. "ஒண்ணும் இல்ல மச்சான், நீ நட" என்பார். அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளாமல் அவர் விரலையும் நடையையும் பார்ப்பதே நண்பரின் வேலை. சந்தேகம் வந்தால் காற்று மறைவுக்கு அழைத்துப்போய், ஈரத்துணியை மாற்றி, உடம்பைப் போர்த்தி, நினைவு தெளிவாக இருந்தால் இனிப்பான சூடான பானம் கொடுத்து, கீழே இறக்க வேண்டும்.

தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களோடு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. அவலாஞ்சியிலிருந்து கோலாரிபெட்டா போகும் வழியும் அதில் ஒன்று. இணையத்தில் பதிவு செய்து வழிகாட்டியோடுதான் போக முடியும். பதிவு செய்த கையோடு வானிலை முன்னறிவிப்பில் வெப்பநிலையோடு காற்றின் வேகத்தையும் பாருங்கள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, காற்று படாத பக்கமாக நின்று, உலர்ந்த பனியனுக்கு மாறி, மழைக்கோட்டை மாட்டிக்கொள்ளுங்கள். செல்ஃபி அதற்கப்புறம்.